வாட்டுக்குப் பொறுப்பாக நிற்கும் முதல் இரவு: புதிய தாதியருக்கு

மூன்று வருடம் தாதியப் பயிற்சி முடித்து வருகிறவருக்குக் கனுலா போடத் தெரியும், மருந்து கலக்கத் தெரியும், சாட் எழுதத் தெரியும். நாலைந்து பேரை வைத்துக்கொண்டு நாற்பது நோயாளிகளை விடியும்வரை பார்த்துக்கொள்வது வேறு வேலை. திருகோணமலை மாவட்டத்தில், நகரத்திலோ கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்திலோ, மருத்துவ வாட் ஒன்றின் இரவுப் பொறுப்பு முதன்முதலாகக் கைக்கு வருகிறவரை நினைத்து இது எழுதப்படுகிறது. இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை, மூன்று தாதியர், இரண்டு சுகாதார உதவியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்தளவு வரும் இடங்களில் டொக்டரின் எழுத்துக் கட்டளையும் உங்கள் ஆஸ்பத்திரி நடைமுறையுமே முடிவு.

ஒன்றை முதலே சொல்லிவிடலாம். பொறுப்பில் நிற்கிறவர்தான் வாட்டில் அதிகம் ஓட வேண்டும் என்றில்லை. எந்தக் கட்டிலில் என்ன நடக்கிறது என்ற செய்தி அவரிடம் சுணங்காமல் வந்து சேர வேண்டும்; கெட்ட செய்தியைக் கொண்டுவர யாரும் பயப்படக் கூடாது. கீழே வருவதெல்லாம் இதற்கான ஏற்பாடுகளே.

6.40: பொறுப்பெடுக்கும் முன்

இருபது நிமிடம் முந்தி வாருங்கள். வந்ததும் நாற்காலியில் இருக்காமல் அவசர ட்ரொலியைத் திறவுங்கள். லரிங்கொஸ்கோப்பை விரித்து லைட் எரிகிறதா என்று பாருங்கள். அம்பு பையும் முகமூடியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? சக்ஷனை ஓன் பண்ணி, குழாய் முனையை விரலால் அடைத்து இழுவை ஏறுகிறதா என்று பாருங்கள். அட்ரினலின் அம்பியூல்களை எண்ணி, திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஃபிப்ரிலேட்டர் சார்ஜில் இருக்கிறதா என்பது அடுத்தது.

ஒட்சிசன் சிலிண்டரில் பலர் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். டி சைஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 340 லீட்டர். நிமிடத்துக்கு 10 லீட்டர் ஓடவிட்டால் 34 நிமிடம்தான். பாதி என்றால் 17 நிமிடம். வாட்டிலிருந்து ஐசியூவுக்கோ ஸ்கேனுக்கோ நோயாளியைக் கொண்டுபோய், அங்கே லிஃப்டுக்கும் ஆளுக்கும் காத்து நிற்க இது போதுமா என்ற கணக்கை அந்த நேரத்தில் போட முடியாது. இப்போதே போட்டுவையுங்கள்.

டிடிஏ அலுமாரியின் (கட்டுப்பாட்டு மருந்துகளைப் பூட்டிவைக்கும் அலுமாரி) திறப்பை வாங்குவதற்கு முன் மோர்பின், பெதிடின் எல்லாவற்றையும் கையளிக்கிறவரும் நீங்களும் சேர்ந்து எண்ணி, பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, இருவரும் கையொப்பமிடுங்கள். “அவசரமாக பஸ் பிடிக்க வேணும், நீங்க எண்ணிக்கொள்ளுங்கோ” என்று சொல்கிறவரிடம் முகம் கோணாமல், ஆனால் உறுதியாக, “இரண்டு நிமிஷம்தான் அக்கா, எண்ணிட்டே போங்க” என்று சொல்லுங்கள். விடியற்காலையில் ஒரு அம்பியூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் திறப்பு வைத்திருப்பவர்.

கையளிப்பு

கையளிப்பு கட்டிலருகில் நடக்க வேண்டும், டிக்கட்டை (நோயாளியின் மருத்துவக் குறிப்பேடு) கையில் வைத்துக்கொண்டு. மேசையைச் சுற்றி இருந்து நாற்பது பேரையும் ஒப்புவித்துவிட்டுப் போவது வேகமாக முடியும். ஆனால் சேலைன் பையில் எழுதியிருக்கும் பெயர் வேறொருவருடையது என்பதும், கனுலா போட்ட கை வீங்கியிருப்பதும், யூரின் பை மூன்று மணித்தியாலமாகக் காலியாகக் கிடப்பதும் மேசையிலிருந்து தெரியாது. எல்லோரும் ஒன்றாகச் சுற்றவும் வேண்டாம். ஒரு தாதி வாட்டில் நிற்கட்டும், மற்ற இருவரும் கேட்கட்டும்.

கடுமையான நோயாளிகளை முதலில் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து விஷயம் போதும்: ஆள் யார், என்னத்துக்கு வந்தார், இன்று என்ன மாறியது, இரவில் என்ன செய்ய மிச்சம் இருக்கிறது, எது நடந்தால் டொக்டரைக் கூப்பிட வேண்டும். ஐந்தாவதைத்தான் அதிகம் பேர் சொல்லாமல் விடுகிறார்கள். “பிளேட்லெட் குறைவு” என்று சொல்வதால் இரவில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. “பத்து மணிக்கு பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்) வரும், 45-க்கு மேல் ஏறினால் கூப்பிடச் சொன்னார்” என்றால் கிடைக்கும்.

நமது வாட்டுகளில் தமிழ் பேசுகிறவரும் சிங்களம் பேசுகிறவரும் ஒரே ஷிப்டில் நிற்பார்கள். டிக்கட் ஆங்கிலத்தில் இருக்கும். கையளிப்பு எந்த மொழியில் என்று சண்டை பிடிக்காமல், இருவருக்கும் விளங்குகிற கலப்பில் சொல்லுங்கள். எண்களை மட்டும் சாட்டில் விரல் வைத்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் சீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வது நல்ல பழக்கம். நோயாளி தமிழ், அவரைப் பார்க்கும் தாதி சிங்களம் என்றால், இரவில் மொழிபெயர்த்து உதவப்போகிறவர் யார் என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். நோயாளியின் சொந்தக்காரப் பிள்ளையை வைத்து வருத்தம் கேட்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

7.30: ஐந்து நிமிடம், எல்லோரும்

சுகாதார உதவியாளர்களையும் சேர்த்து நின்றபடியே கதையுங்கள். பல வாட்டுகளில் இதற்கு அவர்களைக் கூப்பிடுவதே இல்லை. கட்டில் கட்டிலாகப் போய் பெட்பான் கொடுப்பதும், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதும் அவர்கள்தான். “அந்த ஐயா ஒரு மாதிரிக் கிடக்கிறார் மிஸ்” என்ற முதல் செய்தி வருவதும் அவர்களிடமிருந்துதான்.

சொல்ல வேண்டியது இவ்வளவு: இன்று கவனிக்க வேண்டிய மூன்று அல்லது நாலு கட்டில்கள் எவை. யார் எந்தப் பக்கம். யார் எத்தனை மணிக்கு ஓய்வு. அவசரம் வந்தால் யார் எங்கே ஓடுவது. கடைசியாக ஒரு கேள்வி: “வேற யாருக்காவது ஏதாவது பயமா இருக்கா?” கேட்டுவிட்டு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். உடனே “சரி, வேலைக்குப் போங்க” என்று சொன்னால் அந்தக் கேள்வி கேட்கப்படாததற்குச் சமம்.

கட்டில்களைப் பிரிக்கும்போது 13, 13, 14 என்று எண்ணிப் பிரிக்காதீர்கள். மணித்தியாலத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய டெங்கு நோயாளி இரண்டு பேர், பாரிசவாதம் வந்து உணவுக் குழாய் போட்டவர் ஒருவர், இவர்கள் மூவரும் சேர்ந்தால் நாளைக்கு வீட்டுக்குப் போகப்போகும் பத்துப் பேருக்குச் சமம். புதிதாக வந்தவருக்கு மேசைக்குக் கிட்ட உள்ள கட்டில்களைக் கொடுங்கள். தூரத்து மூலையை அனுபவமுள்ளவர் எடுக்கட்டும். நீங்களும் கட்டில்கள் எடுக்கத்தான் வேண்டும், மூன்று பேரில் ஒருவர் சும்மா நிற்க முடியாது. ஆனால் மிகக் கடுமையான நோயாளியை நீங்கள் எடுக்காதீர்கள். அவரருகில் கட்டுண்டு போனால் மற்ற எல்லாம் உங்கள் கண்ணிலிருந்து போய்விடும்.

டெங்குக் காலம்

ஒக்டோபரில் மழை பிடித்தால் சில வாரங்களில் வாட் நிரம்பத் தொடங்கும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது மாவட்டத்தின் ஆஸ்பத்திரிகள் பட்ட பாட்டை மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் பதிவான நோயாளர் தொகை 1,86,000-ஐத் தாண்டியது. அப்படியான நாட்களில் தரையில் பாய் விரித்தும் ஆட்கள் இருப்பார்கள். தரையில் இருப்பவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பலகையில் எழுதுங்கள். எண் இல்லாத நோயாளி கையளிப்பில் தவறிப்போவார்.

டெங்கில் அணித்தலைவர் கவனிக்க வேண்டியது சாட்டின் ஓட்டம். இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசியும் கிரிட்டிகல் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். அது தொடங்கிய நேரத்தைச் சாட்டின் தலையில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள வளர்ந்தவருக்கு அந்தக் கட்டம் முழுவதற்குமான திரவ ஒதுக்கீடு 4,600 மி.லீ.; குடிப்பதும் இதற்குள் அடங்கும். வீட்டிலிருந்து வந்த இளநீரும் கஞ்சியும் கணக்கில் வராமல் போவது நமது வாட்டுகளின் நிரந்தரத் தலையிடி. துணைக்கு நிற்பவரிடம் அளவுக் கோப்பையைக் கொடுத்து, “இதால அளந்து குடுங்க, குடுத்ததை எனக்குச் சொல்லுங்க” என்று அவரையும் அணியில் ஒருவராக்குங்கள். சிறுநீர் மணித்தியாலத்துக்கு ஒரு கிலோவுக்கு 0.5 மி.லீ.யாவது வர வேண்டும். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், மேல் பிரஷர் நன்றாக இருந்தாலும், அது ஷொக்கின் அறிகுறி. 100/80 என்பதை “பிரஷர் நோர்மல்” என்று எழுதிவிட்டுப் போகிற புதியவர்கள் இருக்கிறார்கள். முதல் இரவிலேயே அவர்களுக்கு இதைக் கட்டிலருகில் காட்டிக்கொடுங்கள்.

டொக்டரைக் கூப்பிடுதல்

ஃபோனை எடுக்கும் முன் டிக்கட்டையும் சாட்டையும் முன்னால் வையுங்கள். நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் வேண்டுகோள் என்ற ஒழுங்கில் சொல்வதை எஸ்பார் (SBAR) என்பார்கள். நடைமுறையில் அது இப்படி இருக்கும்:

“டொக்டர், மெடிக்கல் வாட்டிலிருந்து கதைக்கிறேன். கட்டில் 14 ஷொக்குக்குப் போகிற மாதிரி இருக்கு. டெங்கு, 48 கிலோ, கிரிட்டிகல் கட்டம் தொடங்கிப் பத்து மணித்தியாலம். பிரஷர் 96/78, பல்ஸ் 118, கை கால் குளிர். கடைசி இரண்டு மணித்தியாலத்தில யூரின் 30 மி.லீ. மட்டும். பிசிவி காலையில 40, இப்ப 48. நீங்க இப்பவே வந்து பார்க்க வேணும். வரும்வரைக்கும் ஃப்ளூயிட்டை எவ்வளவுக்கு ஏத்தட்டும்?”

இதில் “வந்து பார்க்க வேணும்” என்பதை விட்டுவிட்டு எண்களை மட்டும் ஒப்புவித்தால், நித்திரைக் கலக்கத்தில் கேட்கிறவர் “சரி, கவனிச்சுக்கொள்ளுங்க” என்று வைத்துவிடக்கூடும். வாய்மொழியாக வரும் கட்டளையை எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டி, “சரியா டொக்டர்?” என்று கேளுங்கள். வந்ததும் அவரே எழுதிக் கையொப்பமிடட்டும்.

வராவிட்டால்? ஒரு முறை சொன்னீர்கள், அசைவில்லை. இரண்டாம் முறை சொற்களை மாற்றுங்கள்: “டொக்டர், எனக்குப் பயமா இருக்கு, இந்த ஆள் பாதுகாப்பா இல்லை.” அதற்கும் பத்து நிமிடத்தில் பதிலில்லை என்றால் அடுத்த நிலையில் உள்ள டொக்டருக்கும் இரவு மேற்பார்வைச் சகோதரிக்கும் அழையுங்கள். ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் டிக்கட்டில் எழுதுங்கள், குற்றச்சாட்டுச் சொற்கள் இல்லாமல்: “1.10-க்கு அறிவிக்கப்பட்டது. 1.20-க்கு மீண்டும் அறிவிக்கப்பட்டது.” அது போதும். மேலே அழைப்பதைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கிறவர்கள் உண்டு. அந்த மனத்தடை நோயாளிக்கு விலையாகும்.

பாம்புக்கடி வரும் இரவு

அணி வேலை என்றால் என்னவென்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடமில்லை. தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருவார்கள். தரையில் படுத்தவரை நடுஇரவில் கட்டுவிரியன் தீண்டியிருக்கும். அவருக்கு வலியோ வீக்கமோ பெரிதாக இராது, கண்ணிமைதான் மெல்லச் சரியும்.

ஆள் உள்ளே வந்ததும் நீங்கள் கட்டிலின் கால்பக்கம், கையில் மணிக்கூடும் தாளுமாக நில்லுங்கள். கையுறை போட்டு ஊசியைப் பிடித்த கணத்திலிருந்து உங்களால் வழிநடத்த முடியாது. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “யாராவது இரத்தம் எடுங்க” என்றால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அல்லது மூன்று பேரும் எடுக்கப் போவார்கள்.

முதலாம் தாதி நோயாளியோடு: கனுலா, பிரஷர், ஒட்சிசன் அளவு, கண்ணிமை, மூச்சு. கடிபடாத கையில் கனுலா போடட்டும். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடப் பரிசோதனைக்கு 1 மி.லீ. இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் விட்டாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயில் விட்டாலோ முடிவு பிழைக்கும். நேரத்தை நீங்கள் எழுதுங்கள். “இருபது நிமிஷம் ஆச்சா?” என்று ஐந்தாம் நிமிடத்தில் குழாயைச் சரித்துப் பார்க்கிறவரை நிறுத்துவதும் உங்கள் வேலை.

இரண்டாம் தாதி மருந்து மேசையில். விஷமுறிவு மருந்து தூளாக வருகிறது. ஒவ்வொரு குப்பியையும் 10 மி.லீ. நீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்ற வேண்டும். பத்துக் குப்பியை ஒருவர் தனியாகக் கரைக்க நேரம் பிடிக்கும். ஒரு உதவியாளரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, குப்பிகளைத் திறந்து வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். கரைப்பது தாதி மட்டுமே.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு முன்பாக ஒவ்வாமையைத் தடுக்கக் கொடுக்கும் அட்ரினலின் 0.25 மி.கி., தோலுக்குக் கீழ். உண்மையிலேயே கடும் ஒவ்வாமை வந்தால் வளர்ந்தவருக்குக் கொடுப்பது 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஒரே அம்பியூல், ஒரே நிறம், இரண்டு சிரிஞ்சுகள். இரண்டையும் முன்கூட்டியே இழுத்து, அளவும் போடும் இடமும் எழுதி லேபல் ஒட்டி, இரண்டு வேறு தட்டுகளில் வையுங்கள். லேபல் இல்லாத சிரிஞ்சு எதுவானாலும் வீசிவிடுவது என்ற விதி வாட்டில் இருக்கட்டும். மருந்து ஏறத் தொடங்கிய முதல் கால் மணித்தியாலம் முதலாம் தாதி கட்டிலை விட்டு அசையக் கூடாது. ஒவ்வாமை இந்த மருந்துக்கு அரிதல்ல: தடிப்பு, சொறி, வாந்தி, இளைப்பு, பிரஷர் விழுவது.

மீதி முப்பத்தொன்பது பேர்? இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இரண்டாவது உதவியாளரைப் பார்த்துச் சொல்லுங்கள்: “நானா, நீங்க இங்க வர வேணாம். வாட்டை ஒரு சுத்து சுத்துங்க. கட்டில் 14-உம் 22-உம் முக்கியம். யாருக்காவது மூச்சு வாங்கினா ஓடி வந்து என்னைத் தொடுங்க.” உறவினர் கூட்டத்தை வெளியே அழைத்துப்போய் ஒருவரை மட்டும் உள்ளே விடுவதையும் அவரிடமே கொடுக்கலாம்.

இதயம் நின்றுவிட்டால் ஒழுங்கு இதுவே, வேகம் மட்டும் கூட. நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்துகிறவரை மாற்றுங்கள். களைப்பை அவர் சொல்லமாட்டார், நீங்கள் நேரம் பார்த்து மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்ததும், விளைவு எதுவானாலும், பத்து நிமிடம் ஒன்றாக நின்று எது சரியாக நடந்தது, எது சுணங்கியது என்று கதைத்துவிட்டு ட்ரொலியை நிரப்புங்கள். நிரப்பாத ட்ரொலியோடு அடுத்த அவசரம் வந்த கதைகள் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு.

இரண்டு கண் வேண்டிய மருந்துகள்

இன்சுலின், ஹெபரின், பொட்டாசியம் குளோரைட். இவற்றை இருவர் தனித்தனியே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். “10 யூனிட்தானே?” என்று கேட்டு “ஓம்” வாங்குவது சரிபார்ப்பு ஆகாது, இரண்டாமவர் டிக்கட்டை வாசித்து, தானே அளவைச் சொல்ல வேண்டும். இன்சுலினுக்கு ‘யூ’ என்ற ஒற்றை எழுத்து எழுதினால் அது பூச்சியம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். முழுச் சொல்லும் எழுதும்படி டொக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். பொட்டாசியத்தை நேரடியாக நரம்பில் தள்ளக் கூடாது, கரைத்து மெதுவாக ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்; தெரிந்தவர்கள்தான் விடியற்காலை 4 மணிக்குப் பிழை விடுகிறார்கள். அந்த நேரத்துக் கணக்குகளை ஒருவர் தனியாகப் போட விடாதீர்கள்.

மருந்து கொடுக்கும் தாதியிடம் கதை கொடுக்கக் கூடாது. ஃபோன் வந்தால் நீங்கள் எடுங்கள்.

வயதில் மூத்தவரை வழிநடத்துவது

பொறுப்பு உங்களிடம், ஆனால் உதவியாளர் இருபது வருடம் வேலை செய்தவர். கட்டளையாகச் சொல்லாமல் காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் நடக்கும்: “அண்ணா, 22-க்கு முதுகில புண் தொடங்குது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்ப வேணும், பன்னிரண்டு மணிக்கு நானும் வந்து பிடிக்கிறேன்.” நேரமும் சொல்லி, நீங்களும் கை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பன்னிரண்டுக்குப் போகாமல் விட்டால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

பிழை கண்டால் நோயாளிக்கு ஆபத்தென்றால் அங்கேயே நிறுத்துங்கள், இரண்டு சொல்லில். விளக்கமும் கண்டிப்பும் பிறகு, தனியாக. கட்டிலருகில் வைத்துத் திட்டினால் அவர் அடுத்த பிழையை மறைப்பார். பிழை நடந்ததும், நடக்கப் பார்த்துத் தவறியதும் சம்பவ அறிக்கையில் எழுதப்பட வேண்டும். தன் பிழையைத் தானே வந்து சொல்கிறவரிடம் முதலில் சொல்ல வேண்டிய சொல் “சொன்னதுக்கு நன்றி, இப்ப நோயாளியைப் பார்ப்போம்” என்பது.

றோஸ்டர், மழை, நோன்பு

றோஸ்டர் போடுவது வாட் சகோதரியின் (சிஸ்டரின்) வேலை. இரவு ஓட்டை அடைப்பது உங்களது. அடைமழை நாட்களில் மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பாதை வெள்ளமா என்று மாலை 5 மணிக்கே கேட்டுவிடுங்கள். 7 மணிக்குத் தெரிந்தால் மாற்று ஆள் கிடைக்காது. நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் மாலை ஷிப்ட் முடியும் தறுவாயில் வரும். அந்தக் கால் மணித்தியாலத்தை மற்றவர் பார்ப்பதென்று முதலே பேசிவைத்தால், பொங்கலுக்கும் வெசாக்குக்கும் அதே கை திரும்பி வரும். இரவில் நோயாளியை மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ மாற்றும் கட்டளை வந்தால் கூடப் போகும் தாதி திரும்பி வர விடிந்துவிடும். அம்புலன்ஸ் புறப்படும் முன்பே மேற்பார்வைச் சகோதரியிடம் பதில் ஆள் கேளுங்கள். பிறகு கேட்டால், “சமாளிச்சுட்டுத்தானே இருக்கிறீங்க” என்ற பதில் வரும்.

விடியலில்

5 மணிக்குப் பிறகு இரத்தம் எடுப்பது, திரவக் கணக்கை மூடுவது, காலை மருந்து எல்லாம் ஒன்றாக வரும். 4.30-க்கே ஒரு சுற்றுப் போய், மிச்சம் உள்ளதைப் பலகையில் எழுதி, யார் எதை முடிப்பது என்று பிரித்துவிடுங்கள். 6.30-க்குள் கடுமையான நோயாளிகள் எல்லோரையும் நீங்களே ஒரு முறை கண்ணால் பாருங்கள், சாட்டை நம்பிக் கையளிக்க வேண்டாம். முடியாத வேலை இருந்தால் “முடியவில்லை” என்றே சொல்லிக் கையளியுங்கள். செய்ததாகக் குறித்துவிட்டுப் போவதைப்போல் அடுத்த ஷிப்டை ஏமாற்றுவது வேறில்லை. டிடிஏ எண்ணி, திறப்பைக் கொடுத்து, வருகிறவர் கையொப்பம் வைத்த பிறகே சீருடை மாற்றப் போங்கள்.